ஈல்டு 104 சதவீதம்: இறுதியாண்டு வேதியியல் புராஜெக்ட் எங்கே இடறுகிறது என்று தேடுவது எப்படி

கடைசி வருட புராஜெக்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள்: "பேப்பரில் இருப்பதை அப்படியே செய்தேன், வரவில்லை." நானும் அப்படிச் சொன்னவன்தான். அப்புறம் ஜூனியர்களுக்கு ஒத்தாசையாக லேபில் நின்ற சில வருடங்களில் ஒன்று பிடிபட்டது. கோளாறு கண்ணில் படும் இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. என்.எம்.ஆரில் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் நிறமாலை) தெரியும் குழப்பம் பிரிபுனலில் (இரண்டு திரவ அடுக்குகளைப் பிரிக்கும் புனல்) பிறந்திருக்கும். பிரிபுனலில் தெரிந்தது தராசிலேயே தொடங்கியிருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலிருந்தும் பின்னோக்கி நடந்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ, நேராக அங்கே போய்விடுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. திரும்பச் செய்யும்போது ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். சூட்டை ஏற்றி, கரைப்பானை மாற்றி, வினையூக்கியையும் இரட்டிப்பாக்கினால், வினை ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. ஓடாவிட்டாலும் தெரியாது.

வினை ஓடவே இல்லை, தொடக்கப் பொருள் அப்படியே நிற்கிறது

சூட்டை ஏற்றுவதற்கு முன்னால் பாட்டிலைப் பாருங்கள். லேபில் பல கைகள் திறந்து மூடிய பென்சால்டிஹைடு பாட்டிலின் கழுத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறதா? அது பென்சாயிக் அமிலம். காற்றில் பட்ட ஆல்டிஹைடு தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். நீங்கள் அளந்து ஊற்றியதில் எத்தனை பங்கு ஆல்டிஹைடு, எத்தனை பங்கு அமிலம் என்று யாருக்குத் தெரியும்? அனிலின் காப்பிக் கருப்பாக இருந்தால் வாலை வடித்துவிட்டு எடுங்கள். அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஈரம் பட்டுப் பாதி அசிட்டிக் அமிலமாகியிருக்கும். சோடியம் போரோஹைட்ரைடு கட்டிதட்டிப் போயிருந்தால் அதன் மேல் நம்பிக்கை வைக்காதீர்கள்.

பாட்டில் சரியென்றால் அடுத்தது உங்கள் கணக்கு. இங்கே அடிக்கடி நடப்பது படிகநீர்த் தவறு. செம்பு சல்பேட்டின் மோலார் நிறை 159.6 என்று புத்தகத்தில் பார்த்து எடை போடுவார்கள். அலமாரியில் இருக்கும் நீலப் படிகமோ ஐந்து நீர் மூலக்கூறு சுமந்தது, 249.7. அதாவது தேவையில் 64 சதவீதம்தான் குடுவைக்குள் போயிருக்கும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இதே கதை. அது நிறையில் சுமார் 37 சதவீதம், ஏறக்குறைய 12 மோலார். அதைச் சுத்த அமிலமாக நினைத்துக் கணக்குப் போட்டால் எல்லாமே மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் டி.எல்.சி. தகட்டில் (சேர்மங்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சிலிக்கா தகடு) தொடக்கப் பொருளே தெரிந்தால், தகட்டையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஷிஃப் பேஸ் (இமீன் வகைச் சேர்மம்) செய்பவர்களுக்கு இது முக்கியம். ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து இமீன் ஆகிவிட்டிருக்கும். சிலிக்கா தகட்டில் புள்ளி வைத்தால், சிலிக்காவின் லேசான அமிலத்தன்மையும் அதிலிருக்கும் ஈரமும் சேர்ந்து இமீனைத் திரும்ப உடைத்துவிடும். நீங்கள் ஆல்டிஹைடு புள்ளியைப் பார்த்துவிட்டு "ஓடவில்லை" என்று இன்னும் ஆறு மணி நேரம் கொதிக்க விடுவீர்கள். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. சதுரத் தகட்டின் ஒரு மூலையில் புள்ளி வைத்து ஒரு திசையில் ஓட்டுங்கள். உலர்த்தி, 90 டிகிரி திருப்பி, அதே கரைப்பானில் மறுபடி ஓட்டுங்கள். சேர்மங்கள் சிலிக்காவைத் தாங்கினால் எல்லாப் புள்ளிகளும் மூலைவிட்டத்தின் மேலேயே நிற்கும். விலகி நின்றால் அது தகட்டின் மேல் உடைந்து பிறந்த புள்ளி. சந்தேகம் தீரவில்லையென்றால் என்.எம்.ஆர். எடுங்கள். ஆல்டிஹைடின் புரோட்டான் 10 பி.பி.எம். பக்கத்தில் நிற்கும், இமீனுடையது 8.3 முதல் 8.5 வரையில். டியூட்டரேட்டட் குளோரோஃபார்மிலும் பழையதில் அமிலத் தடயம் இருக்கும், அதுவும் இமீனை உடைக்கும். புது பாட்டில் கேளுங்கள்.

தகட்டில் புள்ளிக்கு வால் முளைக்கிறது

பாதிப் பேருக்கு இது வெறும் அளவு அதிகமானதுதான். கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து வையுங்கள். அப்படியும் வால் இருந்தால் சேர்மம் அமீனா, அமிலமா என்று பாருங்கள். அமீனென்றால் ஓட்டும் கரைப்பானில் 1 சதவீதம் டிரைஎத்திலமீன், அமிலமென்றால் 1 சதவீதம் அசிட்டிக் அமிலம். சிலிக்கா காலம் (column, சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாய்) போடப் போகிறீர்களென்றால் ஆர்.எஃப். (புள்ளி ஓடிய தூரத்தைக் கரைப்பான் ஓடிய தூரத்தால் வகுத்தது) 0.2 முதல் 0.3 வரை வரும் கலவையைத் தேடுங்கள். 0.7இல் அழகாகப் பிரிந்தது காலத்தில் பிரியாது.

பிரிபுனலில் இரண்டு அடுக்கும் பிரியாமல் தயிர் மாதிரி நிற்கிறது

குலுக்கியது போதும், இனிமேல் குலுக்காதீர்கள். நிறைவுற்ற உப்புநீர் ஊற்றி மெதுவாகச் சுழற்றிவிட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிரியவில்லையென்றால் செலைட் (வடிகட்ட உதவும் நுண்பொடி) படுகை வழியாக வடிகட்டுங்கள். பெரும்பாலும் நுண்ணிய திடத் துகள்தான் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். எது நீர் அடுக்கு என்று சந்தேகம் வந்தால் ஒரு துளி தண்ணீர் விட்டு அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். விளைபொருள் கையில் வந்து எடை போடும் வரை எந்த அடுக்கையும் கொட்டக் கூடாது. இதை ஒரு தடவை மீறியவர்கள் மறுபடி மீற மாட்டார்கள்.

படிகம் வரவில்லை, அடியில் எண்ணெய் தேங்குகிறது

கரைசலிலிருந்து பொருள் வெளியேறும் வெப்பநிலையில் அது இன்னும் உருகிய நிலையிலேயே இருக்கிறது என்று அர்த்தம். உருகுநிலை குறைந்த பொருளாக இருக்கலாம், அல்லது அழுக்கு அதன் உருகுநிலையை இறக்கியிருக்கலாம். மறுபடி சூடாக்கி எண்ணெய் முழுக்கக் கரையும் வரை நன்றாகக் கரைக்கும் கரைப்பானை இன்னும் கொஞ்சம் சேருங்கள். பிறகு ஐஸில் நேராக வைக்காமல் குடுவையைத் துணியில் சுற்றி மேசையிலேயே ஆற விடுங்கள். கண்ணாடிக் கம்பியால் திரவ மட்டத்துக்குச் சற்றுக் கீழே உட்சுவரைச் சுரண்டுங்கள். என் அனுபவத்தில் சுரண்டலைவிட விதைப் படிகம் சிறந்தது. போன முறை கிடைத்த பொருளில் ஒரு குறுமணி அளவு எப்போதும் ஒரு சிறு குப்பியில் எடுத்து வைத்திருங்கள். அதில்லாவிட்டால், கம்பி நுனியைக் கரைசலில் நனைத்துக் காற்றில் காய விடுங்கள். ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலமே விதை.

எதற்கும் மசியவில்லையா? அது அநேகமாகச் சுத்தமில்லாத எண்ணெய். மறுபடிகமாக்கலுடன் ஒரு வாரம் மல்லுக்கட்டாமல் காலம் போட்டுவிடுங்கள்.

ஈல்டு நூறைத் தாண்டிவிட்டது

ஈல்டு என்பது கணக்குப்படி கிடைக்க வேண்டியதில் கையில் கிடைத்த பங்கு, அதனால் நூறைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது, அதை 96 என்று திருத்தி எழுதுவது. எடை பொய் சொல்லவில்லை, குடுவையில் வேறு ஏதோ இருக்கிறது. கரைப்பான், ஈரம், உலர்த்தப் போட்ட மக்னீசியம் சல்பேட், காலத்திலிருந்து கசிந்த சிலிக்கா, நடுநிலையாக்கியபோது பிறந்த உப்பு. இந்தப் பட்டியலில் முதலாவதுதான் பத்துக்கு எட்டு.

நான் செய்தது ஓர் எஸ்டர். மோலார் நிறை 194. எடை போட்டால் 104 சதவீதம். என்.எம்.ஆரில் 2.05இல் ஓர் ஒற்றைக் கோடு, 4.12இல் நான்கு, 1.26இல் மூன்று. எத்தில் அசிடேட் நேரில் வந்து கையெழுத்துப் போட்டது மாதிரி. கைடு திட்டவில்லை. "அது எவ்வளவு இருக்கிறது என்று நீயே சொல்" என்றார். என் பொருளின் ஒரு புரோட்டானுக்கான பரப்பை 1.00 என்று வைத்தேன். எத்தில் அசிடேட்டின் மூன்று புரோட்டான் கோட்டின் பரப்பு 0.90. மூன்றால் வகுத்தால் 0.30. ஆக என் பொருள் ஒரு மோல் என்றால் எத்தில் அசிடேட் 0.30 மோல். அதன் மோலார் நிறை 88, எனவே 26.4 கிராம். மொத்தம் 220.4இல் 26.4, அதாவது 12 சதவீதம். 104இல் 12 சதவீதத்தைக் கழித்தால் ஏறக்குறைய 91.5. அன்றைக்கு மாலை வாக்குவம் பம்பில் போட்டு மறுநாள் எடுத்த எடை இந்தக் கணக்கோடு ஒத்துப்போனது. அறிக்கையில் இரண்டையும் எழுதினேன். வைவாவில் அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் கேட்டார்கள்.

நிலையான எடை என்றால் என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள்: உலர்த்தி, எடை போட்டு, மறுபடி உலர்த்தி, மறுபடி எடை போட்டு, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தடவை போட்டது எடை அல்ல, ஊகம்.

ஈல்டு ரொம்பக் குறைவு

வினையைக் குறை சொல்வதற்கு முன் தாய்க்கரைசலை (படிகத்தை வடித்த பின் மிஞ்சும் கரைசல்) ஆவியாக்கி எடை போடுங்கள். நீர் அடுக்கை இன்னொரு தடவை பிரித்தெடுத்துப் பாருங்கள். வடிதாளில் ஒட்டியது, குடுவைச் சுவரில் ஒட்டியது எல்லாவற்றையும் கூட்டினால் போட்ட நிறையில் எத்தனை பங்கு கணக்கில் வருகிறது என்று தெரியும். 200 மில்லிகிராம் அளவில் செய்பவருக்கு வடிதாளில் போகும் 20 மில்லிகிராமே பத்து சதவீதம்.

என்.எம்.ஆரில் யாருடையது என்று தெரியாத கோடுகள்

முதலில் ஊர்க்காரர்களை ஒதுக்குங்கள். டியூட்டரேட்டட் குளோரோஃபார்மில் எடுத்திருந்தால் 7.26 கரைப்பானுடையது, 1.56 தண்ணீர், 2.17 அசிட்டோன், 5.30 டைகுளோரோமீத்தேன், 0.86ம் 1.26ம் சேர்ந்து வந்தால் கண்ணாடிக் கருவியின் மூட்டில் தடவிய கிரீஸ். டி.எம்.எஸ்.ஓ.வில் எடுத்திருந்தால் 2.50 கரைப்பான், 3.33 தண்ணீர். இவை போக மிச்சம் இருப்பதை மட்டும்தான் நீங்கள் விளக்க வேண்டும். ஐ.ஆரில் (அகச்சிவப்பு நிறமாலை) 2350 பக்கத்தில் தெரியும் இரட்டைக் கோடு அறைக் காற்றின் கார்பன் டை ஆக்சைடு. அதை நைட்ரைல் என்று எழுதிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். பொட்டாசியம் புரோமைடு வில்லையில் 3400இல் பெரிய மேடு வந்தால், ஓ.எச். தொகுதி என்று குதிக்காதீர்கள். வெறும் புரோமைடில் ஒரு வில்லை செய்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேயும் அதே மேடு நிற்கும்.

உருகுநிலை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுத்தமான பொருள் ஒன்றிரண்டு டிகிரிக்குள் உருகிவிடும். ஏழெட்டு டிகிரிக்கு இழுத்தால் பொருளில் அழுக்கு, அல்லது நீங்கள் சூடேற்றிய வேகம் தவறு. உருகுநிலையை நெருங்கும்போது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கருவியின் மேலேயே சந்தேகமென்றால் சுத்தமான பென்சாயிக் அமிலம் வைத்துப் பாருங்கள், 122இல் உருக வேண்டும்.

அளவீட்டுக் கோடு மேலே போகப் போக வளைகிறது

யூ.வி. கருவியில் (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளப்பது) உட்கிரகிப்பு 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் வருகிறது. கருவிக்குள் வழிதவறி அலையும் ஒளி அரை சதவீதம் இருந்தால்கூட அந்த 2 உங்களுக்கு 1.83 என்று தெரியும். கரைசல் நேர்மையாக இருந்தும் கோடு வளைவது இதனால்தான். எல்லா அளவும் 0.1க்கும் 1க்கும் நடுவில் வருமாறு நீர்க்கச் செய்யுங்கள். ஆர் ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டோடு பொருந்தும் அளவு) 0.998 வந்துவிட்டது என்று நிம்மதியடைய வேண்டாம். லேசாக வளைந்த கோடும் அந்த எண்ணைக் கொடுக்கும். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று தனியாக வரைந்து பாருங்கள். விலகல்கள் மேலும் கீழுமாகச் சிதறாமல் வில் மாதிரி வளைந்திருந்தால் அது நேர்கோடே அல்ல.

340 நானோமீட்டருக்குக் கீழே அளக்கிறீர்களா? பிளாஸ்டிக் குவெட்டையும் சாதாரணக் கண்ணாடிக் குவெட்டையும் எடுத்து வைத்துவிட்டு குவார்ட்ஸ் கேளுங்கள். அதை அசிட்டோனில் கழுவி அரைகுறையாகக் காய வைத்தால் 270 பக்கத்தில் அழகான ஒரு மேடு வரும். அது அசிட்டோன்.

பழுப்பு நிறம் வந்தது, ஆனால் நானோ துகள் என்று நிரூபிக்க முடியவில்லை

இலைச்சாற்றையும் சில்வர் நைட்ரேட்டையும் கலந்து வெள்ளி நானோ துகள் செய்வது இளங்கலையில் ஏராளமானோர் எடுக்கும் தலைப்பு. எளிதாகத் தெரியும், அதனாலேயே ஆபத்து. நிறம் மாறியது ஆதாரமாகாது. இலைச்சாறு தானாகவே காற்றில் பழுப்பாகும். அதனால் மூன்று குழாய் வையுங்கள்: சாறும் வெள்ளியும், சாறு மட்டும், வெள்ளி மட்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே வெளிச்சத்தில் வைத்து யூ.வி. எடுங்கள். 400 முதல் 450 வரையிலான மேடு முதல் குழாயில் மட்டும் இருந்தால்தான் பேச்சே.

கலந்த உடனே வெள்ளையாகக் கலங்கினால் அது குளோரைடு. குழாய்த் தண்ணீரிலிருந்தோ இலையிலிருந்தோ வந்திருக்கும். அப்புறம் எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் முறை) வெள்ளிக்கு உரிய 38.1, 44.3, 64.4, 77.4 கோடுகளோடு 27.8, 32.2, 46.2 என்று மூன்று வேண்டாத விருந்தாளிகள் நிற்பார்கள். பல அறிக்கைகளில் இவற்றை "இலைச்சாற்றின் கரிமப் பொருள்" என்று எழுதித் தாண்டிவிடுகிறார்கள். அவை சில்வர் குளோரைடு. அப்படியே எழுதிவிட்டால் மரியாதை.

துகள் அளவு அபத்தமாக வந்தால் ஷெரர் சமன்பாட்டில் (எக்ஸ்.ஆர்.டி. கோட்டின் அகலத்திலிருந்து அளவைக் கணக்கிடுவது) எங்கே தவறினீர்கள் என்று எண்ணே சொல்லிவிடும். 38.1 டிகிரிக் கோட்டின் அரை உயர அகலம் 0.45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அலைநீளம் 0.15406 நானோமீட்டர், மாறிலி 0.9. அகலத்தை ரேடியனாக்கினால் 0.00785. கோணத்தைப் பாதியாக்கி 19.05இன் கொசைன் எடுத்தால் 0.945. விடை சுமார் 18.7 நானோமீட்டர். கோணத்தைப் பாதியாக்க மறந்தால் 22.4 வரும், அதுவும் நம்பும்படியாகவே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அகலத்தை டிகிரியிலேயே விட்டுவிட்டால் 0.33 நானோமீட்டர் வரும். வெள்ளியின் ஓர் அலகுக் கூடே 0.409. உங்கள் துகள் ஒரு கூட்டைவிடச் சின்னது என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கருவி தன் பங்குக்குச் சேர்க்கும் அகலத்தைக் கழிக்க வேண்டும் என்பதும், கிடைப்பது படிகக்கூறின் அளவே தவிரத் துகளின் அளவல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்று தடவை அளந்தேன், மூன்றும் மூன்று விதம்

மூன்று தடவை எதை அளந்தீர்கள்? ஒரே கரைசலை மூன்று முறை கருவியில் வைத்தால் அது கருவியின் நடுக்கத்தை மட்டும் சொல்லும். புதிதாக எடை போட்டு, புதிதாகக் கரைத்து, புதிதாக அளந்த மூன்றுதான் மூன்று. அவை ஒத்துப்போகாவிட்டால் ஒத்துப்போகாததை அழித்துவிடாதீர்கள். அந்த நாளின் நோட்டைப் பாருங்கள், பி.எச். மீட்டரை அன்றைக்கு இரண்டு பஃபரில் சரிபார்த்தீர்களா, பிப்பெட்டை மாற்றினீர்களா என்று. காரணம் கிடைத்தால் காரணத்தோடு நீக்கலாம். கிடைக்காவிட்டால் நான்காவதும் ஐந்தாவதும் செய்துவிட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். பியூரெட்டில் படித்துவிட்டு 0.034567 மோலார் என்று தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் எழுதுவதையும் இத்தோடு விட்டுவிடலாம்.

எந்தக் குப்பியில் எது என்று தெரியவில்லை

"புராடக்ட் 2 ஃபைனல்" என்று எழுதிய மூன்று குப்பிகள் எல்லா லேபிலும் உண்டு. இதற்குப் பின்னோக்கி நடக்க வழியே கிடையாது, டி.எல்.சி. எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர. இன்றிலிருந்து குப்பியின் மேல் நோட்டுப் பக்க எண்ணும் தேதியும் மட்டும் எழுதுங்கள். நிறமாலைக் கோப்பின் பெயரும் அதேதான்.

மூன்று வாரம்தான் இருக்கிறது, முடிவு எதுவும் இல்லை

புது வினை எதையும் இனி தொடங்காதீர்கள். கருவிக்கு வரிசையில் காத்திருக்க வேண்டிய மாதிரிகளை இன்றைக்கே கொடுங்கள். பிறகு படங்களையும் அட்டவணைகளையும் முதலில் செய்யுங்கள், அடுத்து செய்முறை, அடுத்து முடிவுகள், முன்னுரை கடைசி. படம் இல்லாமல் எழுதிய முன்னுரை வேறு யாருடைய புராஜெக்ட்டுக்கும் பொருந்தும், அதைப் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

வினை ஓடவில்லை என்பதும் முடிவுதான், ஆனால் "ஓடவில்லை" என்ற ஒரு வரி முடிவல்ல. எந்த வெப்பநிலை, எத்தனை மணி நேரம், எந்தெந்தக் கரைப்பான், ஒவ்வொன்றிலும் தொடக்கப் பொருள் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று ஓர் அட்டவணை போட்டால் அது முழு அத்தியாயம்.

வைவாவில் வாய் அடைத்துப்போகிறது

ஏன் இந்தக் கரைப்பான், எது வரம்பு வினைபொருள் (முதலில் தீர்ந்துபோவது), இது அந்தப் பொருள்தான் என்று எப்படித் தெரியும், எது மாறினால் உங்கள் முடிவு தவறாகும். இந்த நான்குக்கும் நோட்டைப் பார்க்காமல் பதில் சொல்லிப் பழகுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லலாம், கூடவே எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒரு வரி.

புராஜெக்ட் முடிந்தது, ஹூட் முழுக்கப் பாட்டில்கள்

அவசரத்தில் ஒன்றாகக் கொட்டாதீர்கள். அடர் நைட்ரிக் அமிலமும் அசிட்டோனோ எத்தனாலோ ஒரே கழிவு பாட்டிலில் சேர்ந்தால் உடனே ஒன்றும் ஆகாதது போலிருக்கும். மூடியை இறுக்கிவிட்டுப் போன பிறகு உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். ஹாலஜன் உள்ள கரைப்பான் தனி, இல்லாதது தனி, வெள்ளிக் கரைசல் தனி, ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பது என்ன என்று முழுப்பெயர். விதைப் படிகக் குப்பியை மட்டும் கொட்டாமல் அடுத்த வருடம் அதே தலைப்பை எடுக்கப் போகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.